நோர்ட்லிங்கன்: வட்ட மதிலுக்கும் விண்கல் குழிக்கும் உண்மையில் என்ன தொடர்பு?

வரைபடவாசி கேட்டது:

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், ரீஸ் என்கிற சமவெளியில் இருக்கும் நோர்ட்லிங்கன் ஊரைப் பற்றி மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடக்குறிப்பு தயாராகிறது. வானிலிருந்து எடுத்த படத்தில் ஊர் வண்டிச் சக்கரம் போல வட்டமாக இருக்கிறது. "விண்கல் விழுந்த குழியின் விளிம்பிலேயே மதிலைக் கட்டினார்கள், அதனால்தான் வட்டம்" என்று பல பதிவுகள் சொல்கின்றன. "வைரத்தால் கட்டிய ஊர்" என்று தலைப்புப் போட்டவையும் உண்டு. பிள்ளைகளிடம் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்பதால் கேட்கிறேன்.

மதிலும் குழியும் ஒன்றா? எரிமலை இல்லை, விண்கல்தான் என்று எப்படி முடிவுக்கு வந்தார்கள்? வைரக் கதையில் உண்மை எவ்வளவு? இத்தனை போர்களைத் தாண்டி மதில் எப்படி முழுசாக நிற்கிறது? சுமார் 20,000 பேர் வாழும் இப்படியொரு ஊர் தன்னை எப்படி நிர்வகித்துக்கொள்கிறது? ஒரே ஒரு நாள் அங்கே போகிறவர் எந்த வரிசையில் பார்த்தால் இதெல்லாம் விளங்கும்?

பாறைமொழி பதில்:

முதல் கேள்விக்கு ஒரு வகுத்தல் கணக்கே போதும். மதிலின் சுற்றளவு சுமார் 2.7 கி.மீ. அதை 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு 900 மீட்டருக்கும் கீழே வருகிறது. ரீஸ் குழியின் குறுக்களவோ சுமார் 24 கி.மீ. ஆக, குழியின் விளிம்பைச் சுற்றி வர ஏறக்குறைய 75 கி.மீ. நடக்க வேண்டும். பிள்ளைகளை 24 செ.மீ. அகலத்தில் ஒரு வட்டம் வரையச் சொல்லுங்கள். அதற்குள் ஊர் 9 மி.மீ., ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அந்தப் பொத்தானை நடுவில் வைக்கக் கூடாது. மையத்திலிருந்து தென்மேற்கே 6 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். இதை ஒருமுறை கையால் வரைந்த பிள்ளை "விளிம்பில் கட்டிய மதில்" என்று பிறகு எழுதாது.

அந்த 6 கி.மீ. தூரத்துக்கு ஒரு பொருள் உண்டு. பெரிய வளையத்துக்கு உள்ளே சுமார் 12 கி.மீ. குறுக்களவில் இன்னொரு வளையம் இருக்கிறது. மோதலில் அடியாழத்துப் படிகப் பாறை மேலே தள்ளப்பட்டு உருவானது அது. பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. அங்கங்கே குன்றுகளாகத் தலைகாட்டுகிறது. ஊரை ஒட்டிய மரியன்ஹோயே குன்று, வடக்கே வாலர்ஷ்டைன் கோட்டைப் பாறை இரண்டும் அந்த வளையத்தைச் சேர்ந்தவை. ஊரின் இருப்பிடத்துக்குக் குழியோடு தொடர்பு உண்டு, மதிலின் வட்டத்துக்கு இல்லை. பாடக்குறிப்பில் இந்த இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

இனி எரிமலைக் கேள்வி. ரீஸ் ஒரு எரிமலைப் பள்ளம் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அப்படி நம்ப வைத்தது ஒரு கல். சாம்பல் நிறத்தில், சற்றே பச்சை கலந்து, உள்ளே கண்ணாடித் துண்டுகள் பதிந்திருக்கும். பார்த்தால் எரிமலைச் சாம்பல் இறுகியது போலவே இருக்கும். அந்த வட்டாரமான ஷ்வாபியாவின் லத்தீன் பெயரை வைத்து அதற்குச் சுவேவைட் என்று பெயரிட்டார்கள். விண்கல்லாக இருக்கலாம் என்று 1904-இல் ஒருவரும் 1936-இல் இன்னொருவரும் எழுதினார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழக்கை முடித்தது 1960. அமெரிக்க நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கர், ரீஸில் உள்ள ஓட்டிங் கல்குவாரியில் எடுத்த சுவேவைட்டில் கோசைட் என்ற கனிமம் இருப்பது தெரிந்தது. எட்வர்ட் சாவோவோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1961-இல் வெளியானது.

கோசைட் என்பது வேறொன்றுமில்லை, மணலில் இருக்கிற அதே சிலிக்காதான். ஆனால் அந்த வடிவத்துக்கு மாற 20,000 வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தம் தேவை. எரிமலை வெடிப்பு தரைமட்டத்தில் அவ்வளவு அழுத்தத்தைத் தராது. நொடிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. வேகத்தில் வரும், ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள பாறை தரும். நடந்தது சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. வந்த கல்லில் எஞ்சியது என்று கையில் எடுத்துக்காட்ட எதுவும் இல்லை, ஆவியாகிவிட்டது. ஆகவே "விண்கல்லை அங்கே பார்க்கலாம்" என்று எழுதாதீர்கள். பார்க்கக் கிடைப்பது அடிபட்ட பாறை.

வெளியே வீசப்பட்டவற்றில் இரண்டு அடுக்கு உண்டு, இதைப் பிரித்துச் சொல்லுவது முக்கியம். கீழே இருப்பது பல்வண்ண உடைகற்குவை: அதிகம் சூடேறாமல் நொறுங்கிச் சிதறிய களிமண், சுண்ணாம்புக்கல், மணற்கல் எல்லாம் கலந்தது. அதன்மேல் சுவேவைட்: 600 மீட்டருக்கும் கீழே இருந்த படிகப் பாறை உருகியும் நொறுங்கியும் சூடாக வந்து படிந்தது. ஆழத்தில் இருந்தது மேலே, மேலே இருந்தது கீழே என்று அடுக்கு தலைகீழாகிவிட்டது. உருகிப் பறந்த இன்னொரு பகுதி பச்சைக் கண்ணாடியாக உறைந்து, நூற்றுக்கணக்கான கி.மீ. கிழக்கே இன்றைய செக் நாட்டில் விழுந்தது. மோல்டவைட் என்று நகைக்கடையில் விற்பது அதுதான்.

வைரம் உண்மை, "வைரத்தால் கட்டிய ஊர்" மிகை. படிகப் பாறையில் இருந்த கிராஃபைட் (பென்சில் முனையில் இருக்கும் கரி), அதிர்ச்சி அழுத்தத்தில் ஒரு கணத்தில் வைரமானது. அளவு அரை மில்லிமீட்டருக்கும் கீழே, ஒளி ஊடுருவாது, பட்டை தீட்ட முடியாது. நுண்ணோக்கி இல்லாமல் தெரியாது. சுவேவைட் கல்லால் எழுந்த செயின்ட் கேயோர்க் தேவாலயச் சுவரில் இப்படிப்பட்ட துகள்கள் இருக்கின்றன. ஆனால் மதிலும் எல்லா வீடுகளும் சுவேவைட் என்று நினைத்துவிட வேண்டாம்.

அந்தத் தேவாலயச் சுவரை ஒரு கை தூரத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் பரப்பில் கரிய, தட்டையான, ஓரம் பிய்ந்த சில்லுகள் தெரியும். அவை காற்றில் பறக்கும்போதே உறைந்த கண்ணாடி. அந்த வட்டாரத்தில் அவற்றுக்கு ஃப்ளேட்லே என்று பெயர். மெல்லிய அப்பத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டிச் சூப்பில் போடுவார்களே, அதன் பெயரையே கல்லுக்கும் வைத்துவிட்டார்கள். இந்தக் கல்லின் குறையும் அங்கேயே தெரியும். துகள்களைப் பிணைக்கும் பொடியில் நீரை உறிஞ்சி உப்பும் களிமண் கனிமம் இருக்கிறது. நனைந்து உப்பி, காய்ந்து சுருங்கி, மேல்தோல் செதில் செதிலாக உதிரும். வெட்டுவதற்கு எளிது என்பதால் கல்தச்சர்கள் விரும்பிய கல், பராமரிப்பவர்களுக்கு முடியாத வேலையாகிவிட்டது.

மதிலடி பதில்:

பாறைமொழி சொன்னதோடு சேர்த்து, மதிலின் வட்டம் எங்கிருந்து வந்தது என்பதை நான் எழுதுகிறேன். வட்டம் ஒன்றல்ல, இரண்டு.

ஊரின் பெயர் ஆவணத்தில் முதலில் வருவது 898-இல். அப்போது அது அரச பண்ணை. அந்த ஆண்டில் ரேகன்ஸ்பூர்க் ஆயரிடம் போனது. 1215-இல் மன்னர் இரண்டாம் ஃப்ரெடெரிக், பிற்பாடு புனித ரோமானியப் பேரரசரானவர், அதைத் திரும்பப் பெற்றார். அதிலிருந்து பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்ட சுதந்திர நகரமாக வளர்ந்தது. அதாவது நடுவில் எந்தச் சிற்றரசரும் கிடையாது. வரி, நீதிமன்றம், காவல் எல்லாம் நகர மன்றத்தின் கையில். 1219-இலேயே பெந்தெகொஸ்தே சந்தை பற்றிய குறிப்பு இருக்கிறது. வணிகம் பெருகி, முதல் மதிலுக்கு வெளியே தோல் பதனிடுகிறவர்களும் நெசவாளர்களும் குடியேறினார்கள்.

1327-இல் பவேரியாவின் லுட்விக், பேரரசராகும் முன்னாண்டில், புறநகர்களையும் உள்ளடக்கி வெளியே ஒரு புதிய மதில் கட்ட ஆணையிட்டார். பரப்பு ஏறக்குறைய நான்கு மடங்கானது. இன்று நிற்பது அந்த இரண்டாம் மதில். முதல் மதில் இல்லை, ஆனால் அதன் அகழி ஓடிய தடம் தெருவாக வளைந்து கிடக்கிறது. வரைபடத்தில் தேவாலயத்தைச் சுற்றி ஒரு முட்டை வடிவத் தெருவளையம் தெரியும், அதுதான். வட்டத்துக்குக் காரணம் சிக்கனம்: ஒரே பரப்பை வளைக்க வட்டத்துக்குத்தான் மிகக் குறைந்த நீளச் சுவர் போதும், காவலுக்கு நிற்கும் ஆட்களும் குறைவு. தரை சமமாக இருந்ததால் குன்றுக்கோ பாறைக்கோ வளைந்துகொடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. அந்தச் சமதரையைத் தந்தது குழிக்குள் பிறகு தேங்கிய ஏரியின் வண்டல். குழிக்கும் வட்டத்துக்கும் உள்ள நேர்மையான தொடர்பு அவ்வளவே.

வாயில்கள் 5: பால்டிங்கர், லோப்சிங்கர், டைனிங்கர், ரைம்லிங்கர், பெர்கர். முதல் நான்கும் அந்தச் சாலை போய்ச் சேரும் கிராமங்களின் பெயர். ஐந்தாவது மலைப்பக்க வாயில். ஐந்து சாலைகளும் நடுவிலுள்ள தேவாலயத்தை நோக்கி ஓடுவதால்தான் உங்களுக்குச் சக்கரம் போலத் தெரிந்தது.

மதில் பிழைத்ததற்குக் காரணம் வீரம் என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் வறுமைதான் காப்பாற்றியது. முப்பதாண்டுப் போரின்போது, 1634 செப்டம்பர் 5, 6 தேதிகளில் ஊருக்குத் தெற்கே ஆல்பூக் குன்றில் நடந்த போரில், குஸ்தாஃப் ஹோர்ன், வைமாரின் பெர்ன்ஹார்ட் இருவரும் நடத்திய சுவீடன் தரப்புப் படை, பேரரசர் படையிடமும் ஸ்பானியப் படையிடமும் தோற்றது. ஹோர்ன் சிறைப்பட்டார். தென் ஜெர்மனியில் சுவீடனின் கை ஓய்ந்தது. அடுத்த ஆண்டே பிரான்ஸ் நேரடியாகப் போருக்குள் வந்தது. ஐரோப்பிய வரலாற்றில் இந்த ஊரின் பெயர் நிற்பது அதனால். ஊருக்கோ முற்றுகை, பசி, கொள்ளைநோய். மக்கள்தொகை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 1645 ஆகஸ்ட் 3-இல் பக்கத்து ஆலர்ஹைமில் இன்னொரு பெரும்போர். அதன்பின் மதிலைத் தாண்டி வளர ஊருக்குத் தெம்பே இல்லை.

1803 வாக்கில் சுதந்திரம் போய் பவேரியாவின் ஒரு ஊரானது. அப்போதுதான் மதிலுக்கு உண்மையான ஆபத்து வந்தது, கல்லுக்காக இடிக்கத் தொடங்கினார்கள். 1826-இல் மன்னர் முதலாம் லுட்விக் இடிப்பதைத் தடை செய்தார். 1849-இல் ரயில் வந்தது. பவேரியாவின் தெற்கு வடக்குப் பெருந்தடம் இந்த ஊர் வழியாகவே போனது. 1906-இல் டோனாவோர்த் ஊரிலிருந்து ட்ராய்ஷ்ட்லிங்கன் ஊருக்கு, நோர்ட்லிங்கனைத் தொடாத நேர்த்தடம் திறந்ததும் பெரிய போக்குவரத்து அந்தப் பக்கம் விலகிவிட்டது. பெரும் ஆலைகள் மதிலை முட்டித் தள்ளவில்லை என்பதில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். 1589-இல் தொடங்கிய சூனிய வழக்குகளில் இந்த நகர மன்றம் 34 பெண்களையும் ஓர் ஆணையும் கொன்றது. மரியா ஹோல் என்ற விடுதிக்காரப் பெண்ணை 1593, 1594 ஆண்டுகளில் ஐம்பது தடவைக்கும் மேல் சித்திரவதை செய்தும் அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பிறந்த ஊர்ப்பக்கத்து உல்ம் நகரம் அவருக்காகப் பேசியது, கடைசியில் விடுவித்தார்கள். அவர் வாயிலிருந்து ஒரு பெயர்கூட வராமல் போனதால் வழக்குகளின் சங்கிலி அறுந்தது. சுதந்திர நகரம் என்று பெருமையாகச் சொல்லும்போது, மேல்முறையீடு எளிதில் எட்டாத நீதிமன்றமும் அந்தச் சுதந்திரத்தின் பகுதியாக இருந்தது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரைபடவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. சட்டைப் பொத்தான் உவமையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நிர்வாகம் பற்றி யாராவது எழுத முடியுமா? பழைய நகர மன்றத்துக்கும் இன்றைய மன்றத்துக்கும் என்ன வித்தியாசம், தேர்தல் எப்படி, குடிமகன் அல்லாத ஒருவர் அங்கே வசித்தால் எதில் பங்கெடுக்கலாம்?

வார்டுக்காரன் பதில்:

1972 ஜூலை 1 வரை நோர்ட்லிங்கன் தனி மாவட்டத்துக்கு நிகரான நகரமாக இருந்தது. அன்று நடந்த சீரமைப்பில் அந்தத் தகுதி போய், டோனாவோர்த்தைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்தில் சேர்ந்தது. அந்த மாவட்டத்துக்கு 1973-இலிருந்து டோனாவ்-ரீஸ் என்று பெயர். ஊர்க்காரர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. வண்டி எண் பலகையிலிருந்து மறைந்த என்-ஓ என்ற பழைய எழுத்துகள் 2013-இல் திரும்ப அனுமதிக்கப்பட்டதும் பலர் அதையே கேட்டு வாங்கினார்கள்.

ஈடாகக் கிடைத்தது "பெரிய மாவட்ட நகரம்" என்ற தகுதி. பெயரளவுப் பட்டம் அல்ல அது. கட்டட அனுமதி, பழங்கட்டடப் பாதுகாப்பு போன்ற சில மாவட்ட வேலைகளை ஊரே செய்யும். தலைவருக்குத் தலைமை மேயர் என்ற பதவிப்பெயர். மன்றத்தில் அவரைத் தவிர 30 பேர், பதவிக்காலம் 6 ஆண்டு.

தேர்தல் முறைதான் நம் பிள்ளைகளுக்கு மிகவும் புதுசாக இருக்கும். வார்டு கிடையாது, ஊர் முழுதும் ஒரே தொகுதி. 30 இடம் என்றால் வாக்காளர் கையில் 30 ஓட்டு. ஒரே வேட்பாளருக்கு 3 வரை கொடுக்கலாம். ஒரு கட்சிப் பட்டியலில் நால்வர், இன்னொன்றில் ஐவர் என்று கலந்தும் போடலாம். அல்லது பட்டியலின் தலையில் ஒரே ஒரு பெருக்கல் குறி போட்டு மொத்தமாகக் கொடுக்கலாம். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம்: தனியாகப் போட்டது போக மிச்சம், குறியிட்ட பட்டியலில் மேலிருந்து கீழாகப் பங்கிடப்படும்.

தவறு நடக்கும் இடங்கள் இவை. மொத்தம் 31 ஆகிவிட்டால் முழுச் சீட்டும் செல்லாது. ஒருவருக்கு 4 எழுதினால் சீட்டு போகாது, 3 மட்டும் எண்ணுவார்கள். தனியாக எண் எதுவும் போடாமல் இரண்டு பட்டியலுக்குத் தலைக்குறி இட்டால் செல்லாது. அதே நாளில் மாவட்ட மன்றத்துக்கு 60 ஓட்டுள்ள இன்னொரு சீட்டும், தலைவர் பதவிகளுக்கான சீட்டும் வரும். மேசை விரிப்பு அளவுள்ள அந்தத் தாள்களைச் சாவடியில் நின்று நிரப்புவது கடினம் என்பதால் நிறையப் பேர் அஞ்சல் வாக்கை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் கையெழுத்திட மறந்தால் உறை திறக்கப்படாமலே ஒதுக்கப்படும். வகுப்பில் 30 பெயரோடு மாதிரிச் சீட்டு அடித்து விளையாட்டாக நடத்திப் பாருங்கள், விகிதாசாரம் என்ற சொல் அப்போதுதான் பிடிபடும்.

வாக்குரிமை 18 வயதான ஜெர்மன் குடிமக்களுக்கும், அங்கே வசிக்கும் மற்ற ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும் உண்டு. இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு ஊர்த் தேர்தலிலும் இல்லை. ஆனால் ஊர்க்கூட்டத்தில் பேசலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது மேயர் அதைக் கூட்டியே ஆக வேண்டும். அங்கே நிறைவேறும் பரிந்துரையை மன்றம் 3 மாதத்துக்குள் எடுத்துப் பேச வேண்டும். இரண்டும் சட்டம்.

மன்றத்தின் முடிவு பிடிக்கவில்லை என்றால் மக்கள் வாக்கெடுப்பு கேட்கலாம். பவேரியாவில் இந்த உரிமை 1995-இல் மாநில அளவில் நடந்த வாக்கெடுப்பிலேயே வந்தது. 20,000-க்கு மேல் 30,000 வரை மக்கள் உள்ள ஊரில் வாக்காளர்களில் 8 சதவீதம் கையெழுத்து வேண்டும். வாக்கெடுப்பில் பெரும்பான்மை மட்டும் போதாது, அந்தப் பெரும்பான்மை மொத்த வாக்காளரில் 20 சதவீதமாவது இருக்க வேண்டும். பல முயற்சிகள் தோற்பது கையெழுத்தில் அல்ல, கேள்வியின் வாசகத்தில். கேள்வி ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ஊரின் அதிகாரத்துக்கு உட்படாத விஷயத்தைக் கேட்டால் மன்றம் ஏற்காது. வரவுசெலவுத் திட்டத்தின்மேல் வாக்கெடுப்பே கேட்க முடியாது.

தீயணைப்பு இன்னொரு நல்ல பாடம். இந்த அளவு ஊரில் அது தன்னார்வப் படை. அழைப்பு வந்ததிலிருந்து 10 நிமிடத்தில் உதவி போய்ச் சேர வேண்டும் என்பது பவேரியாவின் அளவுகோல். வேலை நேரத்தில் மணி அடித்தால் முதலாளி ஆளை விட்டாக வேண்டும், சம்பளமும் பிடிக்கக் கூடாது. தனியார் முதலாளிக்கு அந்தத் தொகையை ஊராட்சி திருப்பித் தரும். இதில் சேரக் குடியுரிமை தேவையில்லை. 12 வயதிலிருந்து இளையோர் பிரிவு உண்டு. புதிதாக வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மொழியும் ஊரும் ஒருசேரப் பழக இதைவிட நல்ல இடம் குறைவு.

மதிலுக்குள் பழைய வீடு வாங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் மாற்ற, ஓடு மாற்ற, முகப்புக்கு வண்ணமடிக்கக் கட்டட அனுமதி தேவைப்படாமல் இருக்கலாம். பழங்கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் அனுமதி தேவை. கேட்காமல் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தால் எடுக்கச் சொல்லலாம், அபராதமும் போடலாம். அதைவிடப் பெரிய இழப்பு வரியில். தானே குடியிருக்கும் பழங்கட்டடத்தின் சீரமைப்புச் செலவை ஆண்டுக்கு 9 சதவீதம் வீதம் 10 ஆண்டுகள் வருமானத்தில் கழிக்கலாம். வாடகைக்கு விட்டால் 8 ஆண்டு 9 சதவீதமும் அடுத்த 4 ஆண்டு 7 சதவீதமும். ஆனால் வேலை தொடங்கும் முன்பே மாநிலப் பழங்கட்டடப் பாதுகாப்புத் துறையோடு பேசி ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். கூரையின் முதல் ஓட்டைக் கழற்றிவிட்டுப் பிறகு போய்க் கேட்டால் அந்தச் செலவுக்குச் சான்றிதழ் கிடைக்காது.

மதிலடி மறுபடியும்:

ஒரு நாள் வழித்தடத்தை நான் சொல்கிறேன். டோனாவோர்த்திலிருந்து ரயில் சுமார் அரை மணி. வரும் வழியிலேயே பாடம் தொடங்குகிறது: காடடர்ந்த மேட்டைத் தாண்டியதும் தரை திடீரென்று விரிந்து மரமில்லாத வயலாகும். விளிம்பைக் கடந்து குழிக்குள் வந்துவிட்டோம் என்று பொருள். ரயில் நிலையம் மதிலுக்கு வெளியே கிழக்கில் இருக்கிறது, பத்து நிமிட நடை.

முதலில் தேவாலயக் கோபுரம் ஏறுங்கள். ஊரார் டானியல் என்று அழைக்கிற கோபுரம் அது, உயரம் 90 மீட்டர், சுமார் 350 படி. தேவாலயம் 1427-இல் தொடங்கி 1505-இல் முடிந்தது. மேலே ஒரே திசையைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள்தான் அதிகம், அங்கேதான் பாடம் தவறுகிறது. முழுச் சுற்றும் நடந்து மூன்று வளையத்தையும் தேட வேண்டும்: காலடியில் பழைய அகழித் தெரு, அடுத்து ஓட்டுக் கூரை போட்ட மதில், தொடுவானத்தில் கருநீலமாகக் காட்டு மேடு. பனிமூட்டம் இருந்தால் மூன்றாவது தெரியாது. அப்படியானால் கோபுரத்தைப் பிற்பகலுக்குத் தள்ளிப்போடுங்கள்.

இரண்டாவது விண்கல் குழி அருங்காட்சியகம். திங்கள் விடுமுறை. 1990-இல் திறந்தது, 1503-ஆம் ஆண்டுக் கட்டடத்தில் இயங்குகிறது. அப்போலோ 16 கொண்டுவந்த நிலவுக் கல் அங்கே இருக்கிறது. நிலவுக் கல் ஏன் இங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1970 ஆகஸ்டில் அப்போலோ 14 பயணத்துக்காக ஆலன் ஷெப்பர்ட், எட்கர் மிட்செல் இருவரும், மாற்றுக் குழுவின் யூஜின் செர்னன், ஜோ எங்கிள் இருவரும் ரீஸில் பாறை அடையாளம் காணப் பழகினார்கள். நிலவில் கிடப்பதும் மோதலில் நொறுங்கிய பாறைதான்.

மூன்றாவது மதில் நடை. கட்டணம் இல்லை, கூரை இருப்பதால் மழையிலும் நடக்கலாம், நிதானமாக ஒரு மணி நேரம். தரை கல்லும் பலகையுமாகச் சமமில்லாமல் இருக்கும். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ மேலே போகாது, அவர்களுக்கு மதிலுக்கு உட்புறத் தெரு இருக்கிறது. மதிலின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி வீடுகளைக் கவனியுங்கள். பின்சுவர் செலவு மிச்சம் என்பதால் எளியவர்களுக்கு அப்படிக் கட்டிக்கொடுத்தார்கள், இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். எட்டிப் பார்த்துப் படம் எடுக்க வேண்டாம்.

எகர் ஆற்றோரம் தோல் பதனிடும் பகுதியில் மேல்மாடி மட்டும் காற்றோட்டமாகத் திறந்த மரவீடுகள் தெரியும், தோலைத் தொங்கவிட்டு உலர்த்திய இடம். நகர மன்றக் கட்டடத்தின் 1618-ஆம் ஆண்டு வெளிப்படிக்கட்டின் கீழே பழைய சிறை வாசல். பக்கத்தில் ஒரு கோமாளி முகம், "இப்போது நாம் இருவர்" என்ற வாசகத்தோடு நிற்கிறவரைப் பார்க்கிறது.

இரவு தங்கினால் 10 மணிக்குத் தேவாலயத்தடியில் இருங்கள். கோபுரக் காவலர் மேலிருந்து "சோ க்ஸெல் சோ" என்று குரல் கொடுப்பார். நள்ளிரவு வரை அரை மணிக்கு ஒருமுறை. இந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு: 1440-இல் லோப்சிங்கர் வாயிலைப் பகைவருக்காகப் பூட்டாமல் விட்டார்கள் என்றும், ஒரு பன்றி கதவில் உரசியபோது அது திறந்திருப்பது வெளிப்பட்டது என்றும் சொல்வழக்கு. பன்றியை நிரூபிக்க முடியாது. வாயிற்காவலர்களுக்குத் தண்டனை கிடைத்தது வரலாறு. பாடக்குறிப்பில் இரண்டையும் வேறு வேறு வரியில் எழுதுங்கள்.

பாறைமொழி:

மாலையில் நேரமிருந்தால் ஹோல்ஹைம் பக்கம் லிண்ட்லே கல்குவாரிக்கும் போகலாம், சில கி.மீ. தூரம்தான். அங்கே சுண்ணாம்புப் பாறை பெரும் துண்டங்களாக உடைந்தும் இடம்பெயர்ந்தும் கிடப்பதைப் பாதையிலிருந்தே பார்க்கலாம். சுத்தியல் கொண்டு போக வேண்டாம். அவை பாதுகாக்கப்பட்ட நிலவியல் இடங்கள், கல் உடைக்கவோ எடுக்கவோ தடை. 2022-இலிருந்து ரீஸ் முழுவதும் யுனெஸ்கோ நிலவியல் பூங்கா. வகுப்புக்குக் காட்டக் கல் வேண்டுமென்றால் ஒரு பைசாவை அளவுக்கு வைத்துத் தேவாலயச் சுவரின் ஃப்ளேட்லே சில்லை அருகிலிருந்து படம் எடுத்து வாருங்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எடுத்தால் சில்லின் பிய்ந்த ஓரமும் அதைச் சுற்றி உதிர்ந்த பொடியும் தெளிவாக விழும்.